பிள்ளைக்காக நான் குடித்த மருந்து

ஜூன் 9, 2024 – ஞாயிறு

சாரல் பிடித்துவிட்டது. தென்காசியில் வெயிலும் தூறலும் மாறி மாறி வருகின்றன, துணி எதுவும் காயவில்லை. குழலியின் கையுறைகளை மட்டும் விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். அவை இல்லாவிட்டால் சொறிந்து சொறிந்து காதோரம் புண்ணாக்கிவிடுகிறாள். பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கினால் இப்படித்தான் அரிக்குமாம். எட்டு மாதப் பிள்ளை. குப்புற விழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சொறியக் கற்றுக்கொண்டாள்.

பித்தக்குழாய் அடைபட்டே பிறந்தவள். இரண்டரை மாதத்தில் சென்னையில் ஒரு ஆபரேஷன். கொஞ்ச நாள் கண் வெளுத்தது, பிறகு மறுபடியும் மஞ்சள். ஈரலில் தழும்பு விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது என்று போன தடவை சொன்னார்கள். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போலீஸ் வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு இன்றிலிருந்து குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. அருவிக்கரையில் விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிப்போய் வந்தார். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

குழலி வெளிக்குப் போனது இன்றும் சுண்ணாம்பு நிறம்தான், பித்தம் இறங்கினால்தான் மஞ்சளாகுமாம்.

ஜூன் 11 – செவ்வாய்

சுரண்டையிலிருந்து மதினி வந்தார். இவருடைய அக்கா. ஆனந்தவள்ளி என்று பெயர்ப்பலகை போட்டுத் தையல் கடை வைத்திருக்கிறார். பெயரில் இருக்கிற ஆனந்தம் பேச்சில் இருக்காது என்று இவரே சொல்வார். பையைத் திறந்தால் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லி, ஒரு கட்டு.

"பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கப்படாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ மதினி."

"பிள்ளைக்கு யாரு குடுக்கச் சொன்னா? நீ குடி. பால்குடிப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா தாய்க்காரிதான மருந்து குடிக்கணும். பால்ல எறங்கும்லா. என் மூத்தவனுக்கு மாந்தம் வந்தப்போ நாந்தான் குடிச்சேன், நாந்தான் உப்பில்லாமத் தின்னேன். இப்போ அவன் திங்குத தீனியப் பாத்தியா?"

எனக்கு அது சரியாகப் பட்டது. டாக்டர் சொன்னது பிள்ளைக்கு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதையும் மீறவில்லை.

இல்லையா?

ஜூன் 14 – வெள்ளி

மூன்று நாளாக மோரில் அரைத்துக் கலக்கிக் குடிக்கிறேன். உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. கசப்பு பெரிதாக ஒன்றுமில்லை.

இத்தனை மாதம் நான் செய்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான். ஊசி போட்டார்கள், குழாய் வைத்தார்கள், அறுத்தார்கள், தைத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இப்போதுதான் எனக்கென்று ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கிறது. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளை மடியில் போட்டுக்கொள்ளும்போது, இந்தா, குடி, என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 17 – திங்கள்

பகல் முழுக்க போனில் படித்தேன். ஆராய்ச்சிக் கட்டுரைகள், புரிந்த வரைக்கும். எலிகளின் ஈரலைக் கெடுத்து, பிறகு மூலிகைச் சாறு கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தால் தழும்பு குறைவு என்று ஒன்றில் போட்டிருந்தது. ஒன்று வீக்கத்தைத் தடுக்கும், ஒன்று தழும்பைத் தடுக்கும், எல்லாம் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை. குற்றாலத்தில் மூன்று வருடம் பாட்டனி படித்ததற்கு இப்போதாவது ஒரு பிரயோஜனம்.

கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரத்திலேயே கிடைக்கிறது. மஞ்சளும் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். இவர் டூட்டி முடிந்து வரும்போது அருவிக்கரைக் கடையில் சீந்தில் பொடி வாங்கி வந்தார். நான் கேட்கவே இல்லை. "ஈரலுக்கு நல்லதுன்னு எழுதிப் போட்டிருந்தான்," என்று பாட்டிலை அடுப்புமேடையில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். இந்த மனுஷன் ஒரு கருவேப்பிலைகூட ஞாபகமாக வாங்கி வந்ததில்லை.

ஜூன் 22 – சனி

மாத்திரையும் வந்துவிட்டது. இப்போது நான்கும் உண்டு. வெளிக்கு இன்று லேசாக மஞ்சள் தட்டின மாதிரி இருந்தது. இவர் பார்த்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சம் என்கிறார்.

ஜூன் 27 – வியாழன்

சோறு இறங்கவில்லை. வாசனை பட்டாலே குமட்டுகிறது. குளிக்க இரண்டு வாளி தண்ணீர் தூக்கியதற்கே உட்கார்ந்துவிட்டேன். மதினியிடம் போனில் சொன்னேன்.

"மருந்து வேல செய்யுதுட்டி. அப்படித்தான் இருக்கும். விட்டுராத."

விடமாட்டேன். காலையும் மாலையும் குடிக்கிறேன். நான் இளைத்தால் என்ன, அவள் தேறினால் சரி.

ஜூலை 5 – வெள்ளி – சென்னை

குழலியின் ஈரல் இறுகிவிட்டது. மண்ணீரல் பெருத்திருக்கிறது. வயிற்றில் நீர். பிள்ளையை முதலிலிருந்து பார்க்கிற டாக்டர் ஹஸீபா படத்தைத் திருப்பிக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். இனி இந்த ஈரல் தேறாது, மாற்று ஈரல்தான், சீக்கிரம் என்றார். பெரியவர் ஒருவருடைய ஈரலில் இடது பக்கத்துச் சிறு துண்டு போதுமாம். கொடுத்தவருக்கு வளர்ந்துவிடுமாம்.

பிள்ளைக்கு ஓ குரூப். இவருக்கு பி, சேராது. எனக்கு ஓ.

வெளியே வந்து இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் மாதிரி ஒன்று. என்னிடம் இருக்கிறது, நான் கொடுக்கலாம். ரத்தம் எடுக்கக் கையை நீட்டும்போது ஊசி வலிக்கவே இல்லை.

ஜூலை 6 – சனி

ஈரல் வீங்கினால் ரத்தத்தில் ஏறுமாம், நாற்பதுக்குள் இருக்க வேண்டிய ஒரு கணக்கு எனக்கு இருநூற்று எண்பத்தாறு.

"காமாலைக் கிருமி ஒண்ணும் இல்ல. மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார் டாக்டர் ஹஸீபா.

"இல்ல டாக்டர்."

"கஷாயம், பொடி, நாட்டு மருந்து?"

"பிள்ளைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல டாக்டர்."

"பிள்ளையப் பத்தி நான் கேக்கல. ஒங்களக் கேக்கேன்."

எங்கள் பக்கத்துப் பேச்சில் அந்த 'கேக்கேன்' காதில் விழுந்ததும் உடைந்துவிட்டேன். அவருக்குக் கடையநல்லூராம், பிறகு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, சீந்தில், மாத்திரை. எலிக் கதையையும் சொன்னேன். திட்டவில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு, எத்தனை வேளை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"சீந்தில்லயும் அந்த மஞ்ச மாத்திரையிலயும் ஈரல் வீங்கி வந்தவங்களப் பாத்திருக்கேன். ஒங்களுக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாது. தனித்தனியா ஒவ்வொண்ணும் நல்லதும்பாங்க. நாலும் சேந்து ஒரு மனுஷி ஒடம்புல என்ன பண்ணும்னு யாரு பாத்திருக்கா? எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. வாராவாரம் ரத்தம் பாத்து எனக்கு அனுப்புங்க. எறங்கினா மேல போவோம்."

"பால்ல எறங்கியிருக்குமா டாக்டர்?"

"எவ்வளவுன்னு தெரியல. அஞ்சு நாளைக்குப் பீச்சிக் கீழ ஊத்திருங்க. பாட்டில்ல குடுங்க."

"அப்போ அவளுக்கு இவ்வளவு முத்தினது என்னாலயா?"

"இல்லம்மா. அது அது பாட்டுக்கு வந்தது. ஒங்களால இல்ல."

அவர் சொன்னதை நம்புகிறேன். நம்ப முயற்சி செய்கிறேன்.

ஜூலை 7 – ஞாயிறு

ரயிலில் வாஷ்பேசின் முன்னால் நின்று பாலைப் பீச்சி விட்டேன். உள்ளே அவள் பசித்து அழுதது கேட்டது. இவர் பாட்டிலை வைத்துக்கொண்டு என்னமோ பாட்டுப் பாடினார். எம் பிள்ளைக்குன்னு நெஞ்சுல ஊறுனத எங் கையாலயே கீழ விட்டேன். போதும். எழுத முடியல.

ஜூலை 9 – செவ்வாய்

மதினி வந்தார், இன்னொரு கட்டு கீழாநெல்லியோடு. ஈரம் சொட்டச் சொட்ட. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை.

"எம் பிள்ளைக்குக் குடுக்க வேண்டிய ஈரல ஒங்க மருந்துதான் மதினி கெடுத்துட்டு."

மதினி முந்தானையை இழுத்துச் செருகினார். கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். குழலியின் காலை ஒரு தடவை தொட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இவர் சாயந்திரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா ஒரு எலதான குடுத்தா. மிச்சம் மூணையும் சேத்தது யாரு? நீயும் நானும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூலை 12 – வெள்ளி

இருநூற்றுப் பத்து. லேப் பெண் ஜெனி, "எறங்குதுக்கா," என்று எனக்கு முன்னால் அவளே சிரித்தாள்.

நேற்றிலிருந்து பால் கொடுக்கிறேன். பாட்டில் பழகி என்னை மறந்திருப்பாள் என்று பயந்தேன். முகத்தைத் தேய்த்துத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஜூலை 19 – வெள்ளி

நூற்று இருபது.

குழலி ஐந்து கிலோ எழுநூறு. அதில் பாதி வயிற்று நீர். கை, கால் எல்லாம் முருங்கைக்காய். தூக்கினால் பயமாக இருக்கிறது, எடையே தெரியவில்லை.

மதினிக்குப் போன் போட்டேன். சின்னவன் எடுத்தான். "அம்மா துணி வெட்டுதா அத்த, பொறவு பேசுவாளாம்." பிறகு பேசவில்லை. நான்கு நாளாக இதே பதில்.

ஜூலை 24 – புதன்

இவருக்கு இன்று ஓய்வு. பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுச் சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கடையில் இரண்டு பெண்கள் அளவு கொடுத்துக்கொண்டு நின்றார்கள். மதினி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ள எங்க?"

"அவுககிட்ட இருக்கா."

"அவன் ஒழுங்கா வச்சிருப்பானா? உக்காரு. இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு, எனக்குக் கண்ணு தெரியல."

கோத்துக் கொடுத்தேன். அவர்கள் போனபிறகு, "மதினி, நான் பேசினது தப்பு," என்றேன். தயாரித்து வைத்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"தப்புதான்," என்றார். மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னார். "நானும் ஒண்ணும் தெரியாமத்தான் குடுத்தேன். அன்னைக்கு பஸ்ஸுல போறப்போ அந்தக் கட்டத் தூக்கி எறியவும் மனசு வரல, வச்சிருக்கவும் மனசு வரல. மடியில வச்சிக்கிட்டே போனேன்." பிறகு மேசை டிராயரைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துப் போட்டார். ரத்தப் பரிசோதனை. ஓ பாசிடிவ்.

"நானும் அதே குரூப்புதானாம்லா. இவியகிட்டயும் கேட்டுட்டேன்." மதினியின் வீட்டுக்காரர் ரத்தினம் அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறார். "'லீவு கெடச்சு நான் வாற வரைக்கும் எதையும் அறுத்துராதங்க'ன்னாவ. அவ்வளவுதான் பதிலு."

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. "வேண்டாம் மதினி. எனக்கு எறங்கிட்டு வருது. நாந்தான் குடுப்பேன்."

டிராயரை மூடினார். "ஏட்டி, இது என்ன கல்யாண வீட்டு மொய்யா, நீ முந்தி நான் முந்தின்னு?"

இரண்டு பேரும் சிரித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

ஆகஸ்ட் 2 – வெள்ளி

முப்பத்தாறு.

முப்பத்தாறு!

ஆகஸ்ட் 8 – வியாழன் – சென்னை

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். இன்று டாக்டர் ஹஸீபா கூடவே ஆபரேஷன் செய்யும் டாக்டரும் இருந்தார். குழலியை இவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

என் ஈரலின் இடது பக்கத் துண்டுக்கு ஒரு ரத்தக்குழாய்க்குப் பதிலாக இரண்டு வருகின்றன. இரண்டும் நூல் மாதிரி. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதை இணைத்தால் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம், வேறு ஆள் இருந்தால் பார்க்கலாம் என்றார்.

"அந்த மருந்தாலயா?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒங்களுக்குப் பொறவியிலயே அப்படி," என்றார் டாக்டர் ஹஸீபா.

காண்டீனில் போய் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக என்னை நானே குத்திக்கொண்டிருந்தேன். மதினியைக் குத்தினேன், இவரை மனசுக்குள் குத்தினேன். இப்போது குத்த ஆள் இல்லை. யாரும் செய்யாத ஒன்று. மருந்தே குடிக்காமல் இருந்திருந்தாலும் போன மாதமே இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு மாதத்தை வீணாக்கியது மட்டும் எங்கள் பங்கு. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் கோபமாக இருப்பது இதைவிட எளிதாக இருந்தது.

எனக்குள்ளிருந்து வந்தவளுக்கு எனக்குள்ளிருப்பது சேராது. இதை எப்படி ஒத்துக்கொள்வது?

இவர் போனைக் கையில் எடுத்தார். "குடுங்க, நான் பேசுதேன்," என்று வாங்கிக்கொண்டேன்.

"மதினி."

"சொல்லு."

"எனக்கு ஆகாதுன்னுட்டாவ. நீங்க வரணும்."

போனில் தையல் மெஷின் ஓடுவது கேட்டது. அது நின்றது.

"ரெண்டு சேல எடுத்து வச்சிருக்கேன். போதுமா, இன்னும் வேணுமா?"

ஆகஸ்ட் 21 – புதன்

மதினிக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. ரத்தினம் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு குழு மதினியைத் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. பெற்றவர் இல்லாமல் அத்தை கொடுப்பதால் அப்படியாம். வற்புறுத்தினார்களா, பயமுறுத்தினார்களா என்று.

"எங்க வீட்டுல என்னைய வற்புறுத்த ஆளு பொறக்கல, வேணும்னா எந் தம்பிகிட்ட கேளுங்க, அவன் போலீசுதான், அவனே பயப்படுவான்னேன்," என்று வெளியே வந்து சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

குழலி இரண்டு நாளாக மதினியின் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நாளை ஆபரேஷன்.

ஆகஸ்ட் 22 – வியாழன்

காலையில் மதினியை முதலில் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் என் கையைப் பிடித்து, "பயமாத்தான் இருக்குட்டி," என்றார். முதல் தடவையாக. பிறகு குழலி. கதவு வரை நான் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். நர்ஸ் வாங்கும்போது அவள் அழவில்லை, திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

இவர் யூனிபார்ம் இல்லாமல் எவ்வளவு சின்னப் பையன் மாதிரி இருக்கிறார்.

சாயந்திரம் மதினி வெளியே. நல்லா இருக்கார்.

குழலி இன்னும் உள்ளே –

வந்தாச்சு. இணைத்த குழாயில் ரத்தம் ஓடுகிறதாம். ஓடுகிறதாம்.

ஆகஸ்ட் 26 – திங்கள்

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண்ணில் வெள்ளை தெரிகிறது. நர்ஸ் டயப்பரைத் தூக்கிக் காட்டினார், பச்சை கலந்த மஞ்சள். சாப்பாட்டு நேரத்தில் இதைப் போய் இவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் பிரியாணியைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றியே பேசிக்கொண்டு சாப்பிட்டோம்.

மதினி அடுத்த வார்டில். இருமினால் துடிக்கிறார். "எம் மருமவ என்ன செய்தா?" என்று போகும்போதெல்லாம் கேட்கிறார். டயப்பர் விஷயத்தைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் காதுக்கு வழிந்தது. துடைத்துவிட்டேன். கையைத் தட்டிவிடவில்லை.

செப்டம்பர் 15 – ஞாயிறு

மதினி ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம். வேளை தவறாமல் மருந்து.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு அம்மா கேட்டார், "நீங்க குடுத்தீங்களா?"

"இல்ல, அவ அத்தை."

முதல் இரண்டு வாரம் இந்தப் பதிலைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொள்வேன். பெற்றவளாக இருந்தும் நான் கொடுக்கவில்லையே என்று கேட்பவர் நினைப்பாரோ என்று காரணம் சொல்லத் தொடங்குவேன். இன்று அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மாவும் தலையை ஆட்டிவிட்டுத் தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 17 – ஞாயிறு – தென்காசி

மதினி பெரிய துணியெல்லாம் இப்போதுதான் வெட்ட ஆரம்பித்திருக்கிறார். குழலியைக் காட்ட வேண்டும் என்று இவரோடு பைக்கில் போனோம். முகமூடி, தொப்பி, போர்வை என்று மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு.

மதினி அவளைக் கையில் வாங்கப் போனார். டாக்டர் இன்னும் எடை தூக்கக் கூடாது என்றிருக்கிறார், அதனால் நான் கொடுக்கவில்லை. உட்கார வைத்து மடியில் விட்டேன். குழலி உடனே அளவு நாடாவைப் பிடித்து வாயில் வைத்தாள். "அத வைட்டி, ஊரு அழுக்கு," என்று பிடுங்கினார். இவள் திருப்பிக் கத்தினாள். மதினியும் கத்தினார்.

"பாத்தியா, எப்படி ஏறிட்டு வாறான்னு. ஒங்க வீட்டு அமைதி இவகிட்ட இல்ல."

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றார் இவர், வாசலில் நின்றுகொண்டு.

திரும்பி வரும்போது பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார். அவர் குடித்து முடிக்கும் வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் எடைக்குக் கை கடுத்தது. வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். அதுவும் கடுத்தது.

"குடு, நான் வச்சிக்கிடுதேன்," என்றார்.

"இருக்கட்டும்," என்றேன்.